உயரமும் சொந்த மண்ணும் நாக் அவுட் ஆட்டத்தில் எவ்வளவு செல்லும்?

கேட்கப்பட்டது இதுதான். மெக்சிகோ சிட்டி போன்ற உயரமான ஊரில் உள்ளூர் கால்பந்து அணி, தோற்றால் வெளியே என்ற நாக் அவுட் ஆட்டம் ஒன்றை ஆடும்போது, சொந்த மண் என்பதற்காகக் கொஞ்சம், உயரம் என்பதற்காகக் கொஞ்சம் என்று இரண்டையும் கூட்டி அதன் கணக்கில் வைக்கலாமா? 3,600 மீட்டர் உயரத்திலுள்ள லா பாஸில் பொலிவியா பெரிய அணிகளுக்குக் கொடுக்கும் அடிகளைப் பார்த்தால், அந்தக் கூட்டுத்தொகை ஒரு கோலைத் தாண்டும் என்று சொல்லிவிடலாமா?

இரண்டையும் கணக்கில் வைக்கலாம். ஆனால் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று போன்ற ஆட்டங்களில் கிடைத்த எண்ணை நாக் அவுட்டுக்கு அப்படியே தூக்கிவரக் கூடாது என்பது என் பதில். உயரத்தின் சாதகம் அங்கே பிறந்தவனைவிட அங்கே பத்துப் பதினைந்து நாள் தங்கியவனைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது. அந்தப் பதினைந்து நாள் யாருக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது போட்டி அட்டவணை.

முதலில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பேட்ரிக் மெக்ஷாரி 2007 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பத்துத் தென்னமெரிக்க நாடுகள் ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் ஆடிய 1,460 சர்வதேச ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, இரு அணிகளின் உயர வேறுபாடு ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் கோல் வித்தியாசம் சுமார் அரை கோல் அளவுக்கு உயரமான ஊர்க்காரர் பக்கம் நகர்கிறது என்று அவர் கண்டார். ஒரே உயரத்தைச் சேர்ந்த இரு அணிகள் மோதினால் உள்ளூர் அணி வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 54 சதவீதம். பிரேசில் லா பாஸுக்கு ஏறி வருவதைப் போல 3,695 மீட்டர் வேறுபாடு இருந்தால் அது 82 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. இதை மெக்சிகோ சிட்டியின் 2,240 மீட்டரால் பெருக்கி, ஒரு கோலுக்கும் சற்று மேல் என்று விடை எழுதிவிடுவதுதான் வழக்கம். ஆய்வில் எனக்குக் குறை தெரியவில்லை. அந்தப் பெருக்கலில்தான் குறை. தென்னமெரிக்கத் தகுதிச் சுற்றில் வரும் அணி பெரும்பாலும் ஒரு மாலை ஆடிவிட்டு இறங்கிப் போய்விடுகிறது. அரை கோல் என்ற அந்த எண்ணுக்குள் இந்த அவசர விருந்தாளியும் சேர்ந்தே இருக்கிறார்.

அவர் ஏன் ஒரு மாலை மட்டும் வருகிறார் என்பதைப் புரிந்துகொள்ள, உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எல்லா உயரத்திலும் ஏறத்தாழ 21 சதவீதம்தான், குறைவது காற்றழுத்தம். மெக்சிகோ சிட்டியில் அது கடல்மட்டத்தின் நான்கில் மூன்று பங்கைவிடச் சற்று அதிகம், லா பாஸில் மூன்றில் இரண்டு பங்கைவிடச் சற்றுக் குறைவு. நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு ஆக்சிஜனைத் தள்ளுவது இந்த அழுத்தம் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் சரக்கு குறைகிறது. ஆனால் ஒரே ஒரு பாய்ச்சலுக்கு இதனால் பெரிய சேதமில்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குறுந்தூர ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் உலக சாதனைகள் விழுந்தன, பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். அதே வாரத்தில் 10,000 மீட்டர் ஓடி முடித்த ரான் கிளார்க் கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். கால்பந்து இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஓரத்தில் ஆடும் தற்காப்பு வீரரான விங் பேக் முப்பது மீட்டர் முன்னே பாய்ந்து கிராஸ் போடுவது அவருக்குக் கடினமில்லை. பந்து பறிபோய், அதே முப்பது மீட்டரை உடனே திரும்பி ஓட வேண்டியிருக்கும்போதுதான் சிக்கல். தசைக்குள் செலவான சேமிப்பை அடுத்த பாய்ச்சலுக்குள் நிரப்ப ஆக்சிஜன் தேவை, அது இங்கே தாமதமாக வருகிறது. ஆகவே உயரத்தில் தாக்குதலைவிட முதலில் சிதைவது தற்காப்புக்குத் திரும்பும் ஓட்டம். அரைமணி நேரம் கழிந்ததும் நடுக்களத்துக்கும் தற்காப்பு வரிசைக்கும் இடையில் இடைவெளி விழத் தொடங்கும். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கே அது தெரியும்.

பந்தும் மாறிவிடுகிறது. லா பாஸில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைவு. தடையும் அந்த அளவுக்குக் குறைவு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் புறப்பட்டு 25 மீட்டர் செல்லும் ஒரு ஷாட்டைத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்த்தேன்: கடல்மட்டத்தைவிட ஒரு நொடியில் நூற்றில் நான்கு பங்கு முன்னதாக அது கோலை அடைகிறது. கேட்க அற்பமாகத் தோன்றும் இந்த நேரத்தில் பந்து ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தைக் கடந்துவிடும், கோல்கீப்பரின் கை அந்த ஒரு மீட்டரில்தான் தாமதிக்கிறது. சுழன்று வளையும் ஃப்ரீ கிக் எதிர்பார்த்த அளவுக்கு வளைவதில்லை. நீண்ட பாஸ் ஓடும் வீரரைத் தாண்டிப் போய்விடுகிறது. மூச்சுக்குப் பழகுவதைவிடப் பந்துக்குப் பழகுவது எளிது, நாலைந்து பயிற்சி அமர்வுகள் போதும்; ஆனால் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு விமானத்தில் இறங்கியவருக்கு அந்த நாலைந்து அமர்வுகளும் கிடையாது.

அப்படிக் கடைசி நேரத்தில் இறங்குவதற்குக் காரணம் இருக்கிறது. உயரத்தில் வரும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை ஏறிய உடனே தாக்குவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கி, முதல் இரண்டு இரவுகளில் உச்சத்தை அடைகின்றன. உடம்பு ஓரளவு பழக ஒரு வாரம் ஆகும். 2,000 முதல் 3,000 மீட்டர் வரை ஒன்றிரண்டு வாரம், அதற்கு மேலே குறைந்தது இரண்டு வாரம் தங்க வேண்டும் என்பதே விளையாட்டு மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. கிளப்புகளிடமிருந்து வீரர்கள் வந்து சேர்ந்த நாலைந்து நாளில் தகுதிச் சுற்று ஆட்டம் வந்துவிடும். இரண்டு வாரம் தங்க வழியில்லாத பயிற்சியாளர், 416 மீட்டர் உயரத்திலுள்ள சாண்டா குரூஸில் அணியை இறக்கி, ஆட்டத்தன்று மட்டும் லா பாஸுக்கு ஏற்றிக்கொண்டு போகிறார். நோய் வருமுன் ஆடி முடித்துவிடலாம் என்பதுதான் அந்தத் தந்திரம். ஆனால் நோய் வராவிட்டாலும் ஆக்சிஜன் குறைவுதானே. 2009 ஏப்ரல் 1 அன்று மரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினா அங்கே 6-1 என்று தோற்றது. அதற்கு ஓராண்டு முன்பு, உயரமான மைதானங்களுக்கு ஃபிஃபா விதித்த தடையை எதிர்த்து அதே லா பாஸில் அவர் ஒரு நட்பு ஆட்டம் ஆடியிருந்தார் என்பது இதில் உள்ள வேடிக்கை. 2007 மே மாதம் 2,500 மீட்டர் என்று தொடங்கிய அந்தத் தடை, ஒரு மாதத்தில் 3,000 ஆகி, ஆண்டு முடிவில் 2,750 ஆகி, 2008 மே மாதம் நிறுத்திவைக்கப்பட்டது.

இப்போது ஒரே நாட்டில் எல்லோரும் தங்கி ஆடும் போட்டித் தொடரின் நாக் அவுட்டுக்கு வருவோம். மெக்சிகோவைப் பற்றிய கேள்வி என்பதால் அதன் இரண்டு உலகக் கோப்பைகளையும் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது.

1970 உலகக் கோப்பையில் மெக்சிகோவும் சோவியத் யூனியனும் குழுவில் புள்ளிகளிலும் கோல் வித்தியாசத்திலும் சமமாக நின்றன. முதலிடத்தைத் தீர்மானிக்கக் குலுக்கல் போட்டார்கள். குலுக்கலில் வென்ற சோவியத் யூனியன் மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானத்திலேயே தங்கியது. உபசரிக்கும் நாடு பெட்டி படுக்கையோடு தொலூகாவுக்குப் போனது. தொலூகா 2,660 மீட்டர், அஸ்டெகாவைவிட உயரம். ஆகவே உயரமும் சொந்த மண்ணும் மெக்சிகோவுக்கு மேலும் கூடியிருக்க வேண்டும். எதிரே வந்த இத்தாலி தன் குழு ஆட்டங்களில் இரண்டைத் தொலூகாவிலேயே ஆடியிருந்தது. மற்றொன்றை, அதுவும் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் புவேப்லாவில் ஆடியது. காலிறுதியில் மெக்சிகோ முதல் கோலைப் போட்டது; இடைவேளைக்கு முன் ஸ்கோர் சமமானது; இரண்டாவது பாதியில் ரீவா இரண்டு, ரிவேரா ஒன்று என்று இத்தாலி மூன்று கோல்களைப் போட்டு 4-1 என்று முடித்தது. மூச்சு முட்ட வேண்டிய இரண்டாவது பாதியில் மூச்சு முட்டியது உள்ளூர் அணிக்குத்தான். தொலூகாவைப் பொறுத்தவரை அந்த வாரம் யார் உள்ளூர், யார் வெளியூர் என்பதே எனக்குச் சந்தேகம்.

1986 உலகக் கோப்பையில் கதை திரும்பிப் போகிறது. மெக்சிகோ தன் குழு ஆட்டங்கள் மூன்றையும் அஸ்டெகாவில் ஆடியது; அடுத்த சுற்றில் பல்கேரியாவை 2-0 என்று வென்றதும் அங்கேதான். காலிறுதிக்கு அட்டவணை அதை மான்டெர்ரேவுக்கு அனுப்பியது. அந்த ஊர் ஏறத்தாழ 540 மீட்டர் உயரம், வெயிலுக்குப் பேர் போனது. முந்தைய சுற்றை அதே மைதானத்தில் மொராக்கோவுடன் ஆடி முடித்திருந்த மேற்கு ஜெர்மனி அங்கே காத்திருந்தது. 120 நிமிடம் கோலில்லை, இரு பக்கமும் ஒருவர் வெளியேற்றப்பட்டார், பெனால்டியில் ஜெர்மனி 4-1 என்று வென்றது. கூட்டம் மெக்சிகோவுடையது, மண்ணும் அதனுடையது. உயரம் மட்டும் 700 கிலோமீட்டர் தள்ளி மெக்சிகோ சிட்டியில் இருந்தது. அந்த உயரத்தை உண்மையில் பயன்படுத்திக்கொண்டது அர்ஜென்டினா. பயிற்சியாளர் பிலார்டோ அந்த ஆண்டு ஜனவரியிலேயே வீரர்களைத் தங்கள் நாட்டின் வடமேற்கில் 2,400 மீட்டருக்கு மேலுள்ள தில்காராவுக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தார். போட்டியில் அவர்களுடைய ஏழு ஆட்டங்களும் மெக்சிகோ சிட்டியிலும் புவேப்லாவிலும் அமைந்தன. ஒருமுறைகூட 2,000 மீட்டருக்குக் கீழே இறங்காமலேயே கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்கள். காலிறுதியில் அவர்களிடம் தோற்ற இங்கிலாந்து, குழு ஆட்டங்களை மான்டெர்ரேயின் வெயிலில் ஆடிவிட்டு மேலே வந்த அணி. அந்தத் தோல்விக்கு உயரம் காரணம் என்று சொல்ல மாட்டேன். மரடோனாவின் கையும் காலும் போதுமான காரணங்கள். தாழ்ந்த ஊர்களிலிருந்து இறுதிக்கு ஏறி வந்த ஜெர்மனியும் 0-2 என்ற நிலையிலிருந்து எழுபதாவது நிமிடத்துக்கு மேல் இரண்டு கோல் போட்டுச் சமன் செய்துவிட்டுத்தான் தோற்றது. 2,240 மீட்டர் தொல்லை கொடுக்கும் உயரம். ஆளை வீழ்த்தும் உயரம் அல்ல.

3,600 மீட்டர் வேறு. அங்கேகூட நாக் அவுட்டின் தர்க்கம் தகுதிச் சுற்றின் தர்க்கத்திலிருந்து விலகும் என்பதற்கு, ஒரே மைதானத்தில் ஒரே இரு அணிகள் நான்கு ஆண்டு இடைவெளியில் ஆடிய இரண்டு ஆட்டங்களைச் சொல்லலாம். 1993 ஜூலை 25 அன்று லா பாஸின் ஹெர்னாண்டோ சிலெஸ் மைதானத்தில் பொலிவியா பிரேசிலை 2-0 என்று வென்றது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பிரேசிலின் முதல் தோல்வி அது. இரண்டு கோல்களும் கடைசிச் சில நிமிடங்களில் விழுந்தன. பொலிவியாவின் எட்சவெரி இடது ஓரத்திலிருந்து அடித்த பந்து, அதற்கு முன் ஒரு பெனால்டியையே தடுத்திருந்த பிரேசில் கோல்கீப்பர் தஃபாரெலின் கால்களுக்கிடையே புகுந்து போனது. தென்னமெரிக்க நாடுகளின் 1997 கோப்பா அமெரிக்கா இறுதிப் போட்டி, ஜூன் 29, அதே மைதானம். பிரேசில் அதுவரை எல்லா ஆட்டங்களையும் கீழே சாண்டா குரூஸில் ஆடிவிட்டு இறுதிக்கு மட்டும் மேலே வந்தது. பொலிவியாவோ தொடர் முழுக்க லா பாஸில் இருந்தது. என் வாதப்படி பொலிவியா வென்றிருக்க வேண்டும். 79-வது நிமிடம் வரை ஸ்கோர் 1-1. பிறகு ரொனால்டோ ஒன்று, ஆட்டம் முடியும் தறுவாயில் ஜே ரொபேர்த்தோ ஒன்று, பிரேசில் 3-1. ஆகவே தங்கல் நாள்களின் கணக்கு ஒரு சாய்வைத்தான் தருகிறது. தொண்ணூறு நிமிடத்தில் இரண்டு மூன்று வாய்ப்புகளைக் கோலாக்கத் தெரிந்த அணி, சாய்வான தரையிலும் மேலே ஏறிப் போய்விடும். தகுதிச் சுற்றில் ஒரு டிராவோடு இறங்கிப் போனால் போதும் என்று ஆடுகிற அதே பிரேசிலுக்கு, இறுதிப் போட்டியில் அப்படி ஆட வழியில்லை என்பதும் இதில் ஒரு பங்கு என்று நினைக்கிறேன்.

இரண்டு ஆட்டங்களாக நடக்கும் நாக் அவுட்டில் நிலைமை இன்னும் தெளிவு: உயரத்தில் வாங்கியதைச் சமவெளியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். தென்னமெரிக்க கிளப் அணிகளின் கோப்பா லிபர்ட்டடோரெஸ் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். 2008 இறுதியில் ஈகுவடோரின் கீட்டோ நகர லிகா அணி பிரேசிலின் ஃப்ளுமினென்ஸை ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரத்தில் 4-2 என்று வென்றது, ரியோவின் மரக்கானா மைதானத்தில் 1-3 என்று தோற்றது, பெனால்டியில் தப்பிக் கோப்பையைத் தூக்கியது. மறு ஆண்டு கோப்பா சுடமெரிக்கானா இறுதியில் அதே இரு அணிகள்: கீட்டோவில் 5-1, மரக்கானாவில் 0-3, ஒரு கோல் மிச்சம். 2025 லிபர்ட்டடோரெஸ் அரையிறுதியில் பிரேசிலின் பால்மெய்ராஸை கீட்டோவில் 3-0 என்று வென்ற லிகாவுக்கு, சாவோ பாவ்லோவில் கிடைத்தது 0-4. ஆகவே இத்தகைய மோதலில் உயரமான அணி முதல் ஆட்டத்தில் எவ்வளவு வாங்கி வைத்தது என்பதைவிட, கீழே எவ்வளவு குறைவாக இழக்கும் என்பதைத்தான் நான் பார்ப்பேன். பொலிவியாவின் தேசிய அணி இதில் மிக மோசமான உதாரணமாக நெடுநாள் இருந்தது. 1993-க்குப் பிறகு தகுதிச் சுற்றில் வெளியூரில் ஒரு வெற்றிக்கு அது 2024 செப்டம்பர் வரை, சான்டியாகோவில் சிலியை 2-1 என்று வெல்லும் வரை காத்திருந்தது.

சொந்த மண்ணைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதன் கணிசமான பகுதி நடுவர் வழியாக வருகிறது என்பதைக் கொரோனா காலத்துக் காலி மைதானங்கள் காட்டின: கூட்டம் இல்லாதபோது வெளியூர் அணிக்கு விழும் மஞ்சள் அட்டைகள் குறைந்தன, உள்ளூர் அணியின் சாதகமும் சுருங்கியது. ரீப்ளே பார்த்து முடிவெடுக்கும் முறை வந்த பிறகு நடுவரைக் கூச்சலால் சாய்ப்பது முன்போல் எளிதல்ல. நாக் அவுட்டில் கூட்டத்தின் எதிர்பார்ப்பு உள்ளூர் வீரரின் காலில் குண்டாகவும் கட்டப்படலாம். போர்ச்சுகல் 2004 யூரோ இறுதியில், பிரான்ஸ் 2016 யூரோ இறுதியில், இங்கிலாந்து வெம்ப்ளியில் ஆடிய அதற்கு அடுத்த இறுதியில், மூன்றும் தங்கள் கூட்டத்தின் முன்பே தோற்றன. உலகக் கோப்பையை 2022 வரை உபசரித்த நாடுகளில் வென்றவை ஆறு, அவற்றில் கடைசி 1998-இல் பிரான்ஸ். இந்த ஆறு வெற்றிகளும் உயரமில்லாத நாடுகளில் வந்தவை. 1,750 மீட்டர் உயரத்து ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிய தென்னாப்பிரிக்கா 2010-இல் குழுச் சுற்றோடு வெளியேறியது. உபசரிக்கும் நாடு ஒன்று அப்படி வெளியேறியது அதுவே முதல் முறை.

நாக் அவுட்டுக்கே உரிய ஒன்றை மட்டும் உயரத்தின் பக்கம் கூடுதலாக எழுத வேண்டும்: கூடுதல் நேரம். முன்பு சொன்ன திரும்பி ஓடும் ஓட்டம் தொண்ணூறு நிமிடத்தில் தளர்ந்தால், நூறு நிமிடத்துக்கு மேல் நின்றே போகும். 1970 அரையிறுதியில் இத்தாலியும் மேற்கு ஜெர்மனியும் அஸ்டெகாவில் தொண்ணூறு நிமிடத்தில் இரண்டே கோல் போட்டன, அடுத்த முப்பது நிமிடத்தில் ஐந்து. இருவரும் வாரக்கணக்கில் அந்த நாட்டில் இருந்தவர்கள் என்பதால் சாதகம் யாருக்கும் இல்லை; சிதைவு இருவருக்கும் சமமாக இருந்தது. ஒரு பக்கம் பழகியவர், மறுபக்கம் முந்தாநாள் வந்தவர் என்று அமைந்தால் அந்த முப்பது நிமிடம் மிகவும் நீளமானதாக இருக்கும். எனவே அப்படி வந்த அணி, பெனால்டி வரை இழுக்கலாம் என்று பின்வாங்கி ஆடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மெக்சிகோவின் கணக்கு இதற்குள் அடங்கிவிடும். 2026 உலகக் கோப்பைக்குப் போட்ட அட்டவணை, மெக்சிகோ இடம்பெற்ற முதல் குழுவில் முதலிடம் பிடிக்கும் அணி 32 அணிச் சுற்றையும், வென்றால் 16 அணிச் சுற்றையும் அஸ்டெகாவிலேயே ஆடும்படி அமைந்தது. அந்த இடத்தைப் பிடிக்கும் எந்த அணிக்கும் இது சொந்த மண்ணைவிடப் பெரிய பரிசு, ஏனெனில் எதிரே வருகிற அணி பெரும்பாலும் அமெரிக்காவின் தாழ்ந்த நகரங்களிலிருந்து மூன்று நான்கு நாள் இடைவெளியில் ஏறி வந்தாக வேண்டும். தலைவலியும் தூக்கமின்மையும் தணியாத, பழக்கம் முழுதாக வராத இடைப்பட்ட காலம் அது. அப்படிப்பட்ட எதிரணிக்கு எதிராக உயரத்துக்கென்று கால் கோல் முதல் அரை கோல் வரை நான் வைப்பேன், ஒரு கோல் வைக்க மாட்டேன். எதிரணி ஈகுவடோர் போன்று 2,500 மீட்டருக்கு மேல் ஆடிப் பழகிய நாடாக இருந்தால் அதையும் பாதியாக்குவேன். மெக்சிகோவின் முன்னணி வீரர்கள் பலர் இப்போது ஐரோப்பிய கிளப்புகளில் கடல்மட்டத்தில் ஆடுபவர்கள். இரத்தத்தில் கூடிய பழக்கம் கீழே இறங்கிய சில வாரங்களில் போய்விடும் என்பதால், அவர்களும் எத்தனை நாள் முகாமில் இருந்தார்கள் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். 2001-இல் கோஸ்டா ரிகா அஸ்டெகாவில் பின்தங்கிய நிலையிலிருந்து 2-1 என்று வென்றது, கடைசிச் சில நிமிடங்களில் போட்ட கோலால்.

பொலிவியா இப்போது லா பாஸும் போதாதென்று 4,100 மீட்டர் உயரமுள்ள எல் ஆல்டோவுக்கு ஏறிவிட்டது. 2025 செப்டம்பரில் அங்கே பிரேசிலை 1-0 என்று வென்று, உலகக் கோப்பைக்கான கண்டங்களுக்கிடையிலான பிளே ஆஃபில் இடம் பிடித்தது. தோற்றால் வெளியே என்ற அந்த ஆட்டங்களுக்கு அட்டவணை குறித்த ஊர் மான்டெர்ரே, அதே 540 மீட்டர்.